அழித்த ஜாதகத்தின் எடை

அத்தியாயம் 3

கோயமுத்தூரில் பேர் சொல்லாமல் மொட்டை போன் போடுகிறவன்கூட 'ங்க' சேர்த்துத்தான் பேசுவான். குரலில் மரியாதை இருந்தால் கனவான், இல்லாவிட்டால் ரவுடி என்று மற்ற ஊர்த் துப்பறிவாளர்கள் சுலபமாகப் பிரித்துவிடலாம். அரங்கசாமிக்கு அந்தச் சலுகை கிடையாது.

"என்ன சொன்னானுங்க? ஒரு வார்த்தை உடாமச் சொல்லுங்க," என்றார் அரங்கசாமி.

பீளமேட்டில் பம்ப்செட் பவுண்டரி நடத்தும் நாச்சிமுத்து, தம் வீட்டு சோபாவில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். "'தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க'ன்னு ஆரம்பிச்சானுங்க. 'உங்க பொண்ணுக்குப் பேசியிருக்கற பையன் ஜாதகம் நெசமில்லீங்க. மொதல்ல குடுத்தது வேறங்க. அதைக் கல்யாண ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நீக்கிப்போட்டாங்க. ஆனா நீக்குனது போகலீங்க'ன்னான். நீங்க யாருன்னு கேட்டேன். 'வெச்சரட்டுங்களா'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டானுங்க."

"பர்மிசன் கேட்டுட்டு வெக்கற மொட்டை போனுங்களா?" என்றான் பக்கத்தில் நின்ற ரசாக். "இவனைப் புடிச்சா ஜெயில்ல போடக்கூடாதுங்ணா. டெலிபோன் ஆபீஸ்ல உக்கார வெக்கணும். ஊரே திருந்தும்."

அரங்கசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். செக்போஸ்ட்டில் லாரிகளை மடக்கும் உத்தியோகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, டவுன்ஹாலில் ஒரு பவானி ஜமக்காளக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டவர் அவர். ரசாக் கோட்டைமேட்டுக்காரன், முப்பது வயது. கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றைப் பாதி முடித்தவன். மீதிப் பாதியை வாயால் ஈடுகட்டுகிறவன்.

"நாளைக்குக் காத்தால உப்புச் சக்கரை மாத்தறமுங்க," என்றார் நாச்சிமுத்து. "அது மாத்திட்டா அப்பறம் கல்யாணம் ஆன மாதிரிதான். அதனால இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அவன் சொன்னது நெசம்னா இத்தோட நிறுத்திப்போடுவேன். பொய் ஜாதகம் குடுக்கற ஊட்ல நான் கை நனைக்க மாட்டனுங்க. நேர்மைன்னா நேர்மை!"

சொல்லிவிட்டு மேஜையைத் தட்டினார். மேஜை மேல் இருந்த குட்டி வெண்கல மோட்டார் ஒரு துள்ளு துள்ளியது.

வெளியே வாசல் கேட் அருகே நாச்சிமுத்துவின் மகள் பிரவீனா காத்திருந்தாள். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். மாணவிகளை அதட்டும் குரல் அவளிடம் இருந்திருக்க வேண்டும். இப்போது அதைக் காணோம்.

"ஏனுங், ஒரு நிமிசம். அவரைப் பத்தித் தப்பா ஏதாச்சும் கெடைக்குமுங்களா?"

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கிட்டப் பத்து நிமிசம் பேசினாருங்க. அதுல அவர் என்ன படிச்சாரு, எவ்வளவு சம்பளம்னு ஒண்ணுமே சொல்லலீங்க. தவளையைப் பத்திக் கேட்டாருங்க." அவள் சிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டாள். "இதுக்கு முன்னால எத்தனையோ வரன் வந்து போயிருச்சுங்க. இதுவும் நின்னுபோச்சுன்னா நான் இனி யார் முன்னாலயும் காப்பித் தட்டோட வந்து நிக்கமாட்டனுங்க. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க."

மோட்டார் பைக்கைக் கிளப்பிக்கொண்டே ரசாக் சொன்னான்: "தவளையைப் பத்திக் கேட்டு ஒரு பொண்ணு மனசுல எடம் புடிச்சிருக்கான். இவன் சாதாரண ஆளில்லீங்ணா."

*

மங்கள தீபம் கல்யாணத் தகவல் மையம் காந்திபுரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இருந்தது. கூடத்தில் வரன் தேடும் அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் ஏ.சி. ஓடியது. அது கம்ப்யூட்டருக்கு. மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்கின. அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக்கூடாது. போனால் மிஷினுக்கு வைரஸ் வந்துவிடும் என்பது உரிமையாளர் சிவசாமியின் கட்சி.

சிவசாமி முன்பு நூல் புரோக்கராக இருந்தவர். நூலைவிட ஜாதகத்தில் அறுந்துபோவது அதிகம், ஆனால் கமிஷன் முதலிலேயே வந்துவிடும் என்று இந்தத் தொழிலுக்கு மாறியவர்.

"நீக்குனா நீக்குனதுதானுங்க," என்றார் அடித்துச் சொல்கிற தொனியில். "வரன் அமைஞ்சுட்டாலோ, பதிவு வேண்டாம்னு வாபஸ் வாங்கினாலோ, நான் நீக்கறதில்லீங்க. பார்ட்டியையே இந்தச் சேர்ல கெழக்கப் பாத்து உக்கார வெச்சு, அவங்க கையாலயே பட்டனை அமுத்தச் சொல்லுவேன். பேரு கண்ணு முன்னால மறைஞ்சு போகும். சில அம்மாமாருங்க கன்னத்துல போட்டுக்குவாங்க."

"திருஷ்டி கழிக்கற மாதிரிங்களா?" என்றான் ரசாக்.

"அதேதானுங்க. பூசணிக்காய்தான் ஒடைக்கறதில்லை. மிசின் நனைஞ்சுரும்."

"வாபஸ் வாங்கறவங்க எதுக்கு வாங்குவாங்க?" இது அரங்கசாமி.

"ஒரு வரனை நாலு ஊட்ல வேண்டாம்னுட்டா அந்தப் பதிவு நம்பரு அடிபட்ட நம்பருங்க. ஊட்டுப் பேரு வெளிய போகாது, நம்பரைத்தான் ஊருக்கெல்லாம் குடுப்போம். நம்பரைப் பாத்ததும் 'இதா?'ன்னு திருப்பிப்போடுவாங்க. அதனால நீக்கிட்டு, கொஞ்சநாள் பொறுத்துப் புதுசாப் பதியறது."

"புதுசாப் பதியறப்ப ஜாதகமும் புதுசா வருமுங்களா?"

சிவசாமி ஏ.சி.யின் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று ஆராய்ந்தார். "ஜாதகம் வருது, நான் தட்டறேன். நான் என்ன பிரசவம் பாத்தவனுங்களா?"

மாப்பிள்ளையின் பெயரான கிருபாசங்கர் என்பதை ரசாக் தேடிப் பார்த்தான். ஒரே ஒரு பதிவு வந்தது. சுத்தமான ஜாதகம். தோஷம் என்கிற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அவர் பெயரில் வேறு பதிவே கிடையாது என்றது கம்ப்யூட்டர்.

"முடிஞ்சுதுங்ணா," என்றான் ரசாக். "போன்ல பேசினவன் மரியாதையாப் பேசினதால நம்பி ஏமாந்துபோட்டோம். இனி மரியாதை இல்லாதவன் சொல்றதை மட்டும் நம்பலாம். என்னைய மாதிரி."

அரங்கசாமி பெருமூச்சு விட்டு எழுந்தார். அந்த நேரத்தில் ஒரு சேல்ஸ்மேன் உள்ளே எட்டிப் பார்த்து, பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கான விலைப்பட்டியலை சிவசாமியின் கையில் திணித்துவிட்டுப் போனான். சிவசாமியின் முகம் கடுத்தது.

"வந்துட்டான். வருசா வருசம் இந்த மிசினுக்கு ஒரு டிஸ்க்கு வாங்கிப் போட்டே நான் ஓட்டாண்டியாகிருவேன் போலிருக்குதுங்க. எடம் பத்தலைன்னே கத்துது. நானும் சும்மா இல்லீங்க, நெதமும் ஆளுங்களை நீக்கிட்டேதான் இருக்கறேன். கல்யாணமானவங்க அத்தனை பேரையும் தூக்கியாச்சு. ஒரு துளி எடம் மிச்சமாக மாட்டேங்குது."

செருப்புக்குள் ஒரு காலை நுழைத்திருந்த அரங்கசாமி அப்படியே நின்றார்.

"அண்ணா?" என்றான் ரசாக்.

"செக்போஸ்ட்ல காலி லாரின்னு சொல்லி ஓட்டிட்டு வருவாங்க, ரசாக்கு. தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுவாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது. நான் உள்ளயே பாக்கமாட்டேன். டயரைப் பாப்பேன். டயரு அமுங்கியிருந்துதுன்னா லாரி காலியில்லை. அடியில எங்கயோ அறை கட்டிச் சரக்கு வெச்சிருப்பான்." அவர் செருப்பை உதறிவிட்டுத் திரும்பி வந்தார். "இந்த மிசினோட டயரைப் பாக்க முடியுமா?"

ரசாக்குக்குப் புரிந்துவிட்டது. பாதி கோர்ஸ் என்றாலும் அந்தப் பாதி சரியான பாதியாக இருந்தது. மளமளவென்று தட்டி, பதிவுகள் அடங்கிய பைல் எவ்வளவு பெரியது என்று பார்த்தான். பிறகு ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று பார்த்து மனக்கணக்குப் போட்டான்.

"சிவசாமிண்ணா, உங்க பட்டியல்ல இப்ப இருக்கறது சுமாரா நானூறு பேருங்களா?"

"அவ்வளவுதானுங்க."

"பைலு நாலாயிரம் பேருக்கு எலை போட்டு வெச்சிருக்குது. மிச்ச எலையில யாருங்க சாப்புடறாங்க?"

சிவசாமி விழித்தார்.

"நீக்குன்னு பட்டனை அமுத்துனா, இது ஆளை வெளிய அனுப்பறதில்லீங்க," என்றான் ரசாக். "'இவரைக் காட்டாதே'ன்னு பேருக்கு முன்னால ஒரு அடையாளம் வெச்சு, அங்கயே உக்கார வெச்சுருது. திரையில வரமாட்டாரு, எடத்தையும் காலி பண்ணமாட்டாரு. அவங்களை மொத்தமா வெளிய தள்ளணும்னா பைலைச் சுருக்கச் சொல்லித் தனியா ஒரு உத்தரவு போடணும். உங்களுக்கு இதைப் பண்ணிக் குடுத்தவரு ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னாருங்க. அமெரிக்கா போறதுக்கு முன்னால, மாசம் ஒருக்கா அதை அமுத்துங்கன்னு சொன்னாரு. நானும் அமுத்தினேன். 'எல்லாரையும் அடியோட ஒழிச்சரட்டுமா, திரும்ப வரமாட்டாங்க, சம்மதமா'ன்னு இங்கிலீஸ்ல கேக்குதுங்க." சிவசாமியின் குரலில் உண்மையான பதற்றம் வந்தது. "நீங்களே சொல்லுங்க. கல்யாண ஆபீஸ்ல ஒக்காந்துட்டு, பொண்ணு மாப்பிள்ளை பேரையெல்லாம் வெச்சுட்டு, அடியோட ஒழிக்கட்டுமான்னு கேட்டா, எவனாச்சும் ஆமான்னு சொல்லுவானுங்களா? வாயில வர்ற வார்த்தைங்களா அது? நான் ஒவ்வொரு மாசமும் இல்லைன்னுதானுங்க அமுத்தறேன்."



"மங்களகரமான மனுசன்," என்றான் ரசாக் மெதுவாக. "இவரோட நல்ல மனசு அஞ்சு வருசமாப் பைலைப் பெருக்க வெச்சிருக்குது."

அவன் சிவசாமியின் அலங்காரத் திரையிலிருந்து வெளியேறி, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். நீக்கியவர்களையும் காட்டு என்பது அதன் பொருள். அடுத்த கணம் பெயர்கள் மழை மாதிரிக் கொட்டின. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டவர்களெல்லாம் மணமகன்களாகவும் மணமகள்களாகவும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நட்சத்திரம் போல ஒரு குறி.

கிருபாசங்கரும் அதில் இருந்தார். அதே பிறந்த தேதி, அதே ஊர், அதே அப்பா. பிறந்த நேரம் மட்டும் வேறு. தோஷம் என்கிற இடத்தில் 'செவ்வாய் உண்டு' என்று இருந்தது.

"மாட்டினாரு மாப்பிள்ளை," என்றான் ரசாக். ஆனால் குரலில் உற்சாகம் இல்லை. கேட் அருகே நின்றவளின் ஞாபகம் அவனுக்கும் வந்திருக்க வேண்டும்.

அரங்கசாமி திரைக்கு அருகே குனிந்தார். பதிவின் கடைசி வரியில், அந்த ஜாதகத்தை எந்தெந்த வரன்களுக்கு அனுப்பினார்கள் என்று நம்பர்கள் இருந்தன. அவர் அதில் நீக்கிய குறி போட்டிருந்த ஒரு நம்பரில் விரலை வைத்து, ரசாக்கின் காதில் ஏதோ சொன்னார். ரசாக் தட்டினான். திரையில் வந்ததை இரண்டு தடவை படித்துவிட்டு, இரண்டு பதிவுகளையும் பிரின்டருக்கு அனுப்பினான்.

பிரின்டர் 'கிரீச் கிரீச்' என்று இரண்டு தாள்களைத் துப்பியது. அரங்கசாமி இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

"நேராப் பீளமேடுங்களா?" என்றான் ரசாக், பைக்கை உதைத்தபடி.

"மதுக்கரை."

"அங்க என்னுங்ணா இருக்குது?"

"மொட்டை போன் போட்டவன். யோசிச்சுப் பாரு. நீக்குனது போகலைன்னு சிவசாமிக்கே தெரியாது. ஆனா போன் பண்ணவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அப்ப அவன் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். அந்தப் பதிவை நீக்குனதும் அவனுக்குத் தெரியும். அப்ப நீக்குறப்ப அந்த அறையில இருந்தவன். அந்த அறையில இருந்தது யாரு?"

"சிவசாமி, நீக்க வந்த பையன் ஊட்டுக்காரங்க..." ரசாக் பிரேக் போட்டான். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் மிக மரியாதையாகத் திட்டினார். "அண்ணா! மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு போட்டிருந்துது?"

"சிமெண்டு ஆலையில கம்ப்யூட்டர் பிரிவு."

மதுக்கரையில் ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையின் கூரை, பெஞ்சு, பக்கத்து வேப்பமரம் எல்லாமே சாம்பல் நிறத்தில் இருந்தன. கிருபாசங்கர் ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு வந்தார். வணக்கம் சொன்னார். அரங்கசாமி பதில் வணக்கம் சொல்லிவிட்டு, "தம்பி, அடுத்த தடவை மொட்டை போன் போட்டீங்கன்னா, வெக்கறதுக்கு முன்னால கேக்காதீங்க," என்றார்.

கிருபாசங்கர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறுக்கவில்லை.

"உன்னையே நீ காட்டிக்குடுக்கறதுக்குக் காசு செலவு பண்ணிப் போனாப்பா?" என்றான் ரசாக்.

"நேர்ல சொல்லப் பயமா இருந்துதுங்க. எங்கம்மா, சொன்னா கெணத்துல உழுந்துருவேன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊட்ல கெணறே இல்லைங்க, இருந்தாலும் பயம்தான்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "செவ்வாய் இருக்கறவனைக் கட்டுனா பொண்ணுக்கு உசுரு போயிரும்னு சொல்றாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. ஆனா அவங்களுக்கு இருந்துதுன்னா? அவங்களைக் கேக்காம மறைச்சுக் கட்டறது திருட்டு இல்லீங்களா? பொண்ணு பாக்கப் போனப்ப சொல்லிரலாம்னுதான் தனியாப் பேசணும்னு கேட்டேன். வாயைத் தொறந்தா தவளைதான் வந்துச்சுங்க."

"சரி. இதே மாதிரி பொண்ணு பக்கமும் ஏதாச்சும் இருந்துதுன்னா?" என்றார் அரங்கசாமி சாதாரணமாக.

"சேச்சே. அவங்க ஊட்ல அப்பிடியெல்லாம் பண்ணமாட்டாங்க சார். அவங்கப்பா ரொம்ப நேர்மையான மனுசருங்க."

ரசாக்குக்கு டீ புரையேறியது. கடைக்காரர் வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது கிருபாசங்கர் கேட்டார்: "அவங்க வேண்டாம்னு சொல்லிருவாங்களாங்க?"

"நீங்கதானே தம்பி சொல்றதுக்கு வழி பண்ணிக் குடுத்தீங்க."

"ஆமாங்க," என்றார் அவர்.

*

பீளமேட்டு வீட்டில் நாளைய விசேஷத்துக்காக வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து முதல் தாளைப் படித்ததும் அவர் காது சிவந்தது.

"டேய், பந்தலை அவுருங்கடா!" என்று வெளியே பார்த்துக் கத்தினார். "பாத்தீங்களாங்க? பொறந்த நேரத்தை மாத்தியிருக்கானுங்க! பெத்த பையன் பொறந்த நேரத்துல பொய் சொல்றவன் மனுசனா? எம் பொண்ணு உசுரோட வெளையாடப் பாத்திருக்கான். இவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வெச்சு..."

"போன் பண்ணிச் சொன்னது அந்தப் பையனேதானுங்க," என்றார் அரங்கசாமி.

"யாரா இருந்தா என்னுங்க? பொய்யி பொய்யிதான்!"

"அதுவும் சரிதானுங்க." அரங்கசாமி சட்டைப் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "இந்தப் பையனோட பழைய ஜாதகத்தை ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு பொண்ணு ஊட்டுக்கு அனுப்பியிருக்காங்க. செவ்வாய்ன்னு பொண்ணு ஊட்ல வேண்டாம்னுட்டாங்க. பையன் ஊட்லயும் பொண்ணுக்கு மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆகாதுன்னு வேண்டாம்னுட்டாங்க. அப்பறம் அந்தப் பொண்ணோட அப்பாவும் பதிவை வாபஸ் வாங்கி, கெழக்கப் பாத்து உக்காந்து பட்டனை அமுத்தியிருக்காருங்க. ஆறு மாசம் கழிச்சுப் புதுசாப் பதிஞ்சப்போ பொண்ணு மூலத்துல பொறக்கலீங்க. பூராடத்துல பொறந்துட்டா."

நாச்சிமுத்து தாளை வாங்கவில்லை.

"ரெண்டு பக்கமும் திருத்திக் குடுத்ததுக்கு அப்பறம் அதே கம்ப்யூட்டரு அதே ரெண்டு பேரையும் சேத்து, பத்துக்குப் பத்துப் பொருத்தம்னு சொல்லியிருக்குதுங்க," என்றான் ரசாக். "மிசினுக்கும் நல்ல மனசுதானுங்க."

வெளியே பந்தல்காரர்கள் கட்டுவதா அவிழ்ப்பதா என்று தெரியாமல் ஏணியிலேயே நின்றார்கள்.

"இது வெளிய தெரிய வேண்டாமுங்க," என்றார் நாச்சிமுத்து. குரல் தணிந்து, பழைய கனமெல்லாம் போயிருந்தது. "பொண்ணைப் பெத்தவனுங்க நான். வேற என்னதான் பண்றது?"

"அப்ப எனக்கு மூலமுங்களாப்பா?"

சமையலறைக் கதவில் பிரவீனா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கண்ணு, நீ உள்ள போ."

"வந்த வரனெல்லாம் எதுக்குப் போச்சுன்னு நான் ஒவ்வொரு தடவையும் கேட்டனேப்பா. பொண்ணு நெறம் கம்மின்னு சொல்லிட்டாங்க கண்ணு, உடு, வேற பாக்கலாம்னு சொன்னீங்களே."

"மூலம்னு உங்கிட்டச் சொன்னா நீ காலேஜ்ல யார்கிட்டயாச்சும் சொல்லுவே, ஊரெல்லாம் பரவிப்போகும். அதுக்குத்தான் கண்ணு... நெறம்னு சொன்னா அதோட போச்சுன்னு..."

"அதோட போகலீங்கப்பா." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாச்சிமுத்துவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் கண்ணாடி பாக்கறதையே உட்டுட்டனுங்க. பொட்டுக்கூடக் கைத்தடவலாத்தான் வெக்கறேன். உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அரங்கசாமி செக்போஸ்ட் காலத்தில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். நாச்சிமுத்துவின் முகம் மாதிரி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை.

பிரவீனா போன் அருகே போய் எண்களைச் சுழற்றினாள்.

"யாருக்குக் கண்ணு? அந்தப் பையனுக்குச் செவ்வாய்! வேண்டாம்!"

"இருக்கட்டுமுங்க. அவரு போன் பண்ணி ஒத்துக்கிட்டாரு. நீங்க ஒத்துக்கலையே."

மறுமுனையில் எடுத்தது கிருபாசங்கர் அல்ல. அவருடைய அப்பா. அவருக்குக் காது மந்தம், ஆகையால் ஊரே மந்தம் என்று நினைத்துப் பேசுகிறவர். அவர் குரல் ரிசீவரைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது.

"நான் பிரவீனா பேசறனுங்க மாமா," என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. "எனக்கு மூலமுங்க. பூராடம்னு சொன்னது பொய்யிங்க. நாளைக்கு நீங்க வரவேண்டாம்னு நெனச்சா வரவேண்டாமுங்க."

ரசாக் ரிசீவர் பக்கம் ஓர் அடி நகர்ந்தான்.

"மூலமா? மாமனாருக்கு ஆகாதுங்கறாங்களே, அதா?" என்றது குரல்.

"ஆமாங்க மாமா."

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு அட்டாக் வந்துருச்சே அம்மணி. ரெண்டு தடவையும் நீ எங்க ஊட்டுப் பக்கமே வரலையே!" பின்னணியில் ஒரு பெண் குரல் பதற்றமாக எதையோ சொன்னது. "இருடி, பேசிட்டிருக்கறேன்! அம்மணி, எங்க பக்கமும் ஒரு கோளாறு இருக்குது. பையனுக்கு..."

"தெரியுமுங்க மாமா. செவ்வாய்ங்க. எனக்குப் பயமில்லீங்க."

"அப்பறமென்ன? காத்தால வாரோம். காப்பியில சக்கரை போடாதே, எனக்கு அதுவும் இருக்குது." டக்கென்று வைத்துவிட்டார். வெச்சரட்டுங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

ரசாக்தான் முதலில் சிரித்தான். வெளியே நாச்சிமுத்து கையைக் காட்ட, பந்தல்காரர்கள் மறுபடியும் மூங்கிலைத் தூக்கினார்கள். அவர் மகளிடம் வந்தார். கண்ணில் நீர் நின்றது. கை அவள் தலைக்கு மேல் போய், தொடத் துணிச்சலில்லாமல் காற்றில் தங்கியது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதல்ல கண்ணு? இத்தோட இதை மறந்தரலாம்."

"நீங்க மறந்துருங்கப்பா," என்றாள் பிரவீனா. "நான் இனிமேத்தான் கண்ணாடி பாக்கப் பழகோணும்."